ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ்

ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் (அக்டோபர் 7, 1812 - நவம்பர் 6, 1891) ஓர் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆவார். 1851ஆம் ஆண்டு இலண்டனில் பெரும் பொருட்காட்சி நடைபெற்ற காலத்தில், எவராலும் திறக்க இயலாதவை எனப் பல ஆண்டுகளாக நம்பப்பட்ட இரண்டு ஆங்கிலேயப் பூட்டுக்களைச் சாவியின்றித் திறந்து காட்டிப் புகழ்பெற்றார். பூட்டுக்களின் குறைபாடுகளை வெளிப்படையாகப் பேசலாமா கூடாதா என்ற விவாதம் இவரது செயலால் தீவிரமடைந்தது.

இளமை

ஹாப்ஸ் பாஸ்டன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தமையால் இளமையிலேயே பிழைப்புத் தேட நேர்ந்தது. பல தொழில்களைச் செய்துபார்த்த பின்னர் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே கதவுகளுக்கான கண்ணாடிக் கைப்பிடிகளைச் செய்யும்போது அவற்றைப் பூட்டுடன் பொருத்தவேண்டியிருந்ததால் பூட்டின் உள்ளமைப்பில் ஆர்வம் பிறந்தது. பின்னர் நியூயார்க்கைச் சேர்ந்த டே அண்டு நியூவெல் என்ற பூட்டு நிறுவனத்தில் விற்பனையாளரானார். வங்கி மேலாளர்களிடம் தம் நிறுவனப் பூட்டைப் புகழ்ந்து பேசுவதைவிட, அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பூட்டை அவர்கள் கண்ணெதிரே திறந்து காட்டுவது இவரது வழக்கம். இதைவிடச் சிறந்த விற்பனை உத்தி இருக்க இயலாது!

1851ஆம் ஆண்டின் பூட்டுச் சர்ச்சை

நிறுவனத்தின் பராட்டாப்டிக் எனும் வங்கிப் பூட்டைப் பொருட்காட்சியில் வைப்பதற்காக ஹாப்ஸ் இலண்டன் வந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் இரு பூட்டுக்கள் பெரிதும் மதிக்கப்பட்டன.

முதலாவது, ஜெரமையா சப் 1818இல் காப்புரிமை பெற்ற கண்டறியும் பூட்டு. உள்ளிருக்கும் நெம்புகோல் தகடுகளில் ஏதேனும் ஒன்றை அளவுக்கு மீறி உயர்த்தினால் ஒரு கொக்கி விழுந்து பூட்டு இறுகிவிடும். அடுத்த முறை சாவியிடும் உரிமையாளருக்கு யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். 1851 சூலை 22 அன்று வெசுட்மின்சுடரில் சாட்சிகள் முன்னிலையில் இவ்வகைப் பூட்டு ஒன்றை ஹாப்ஸ் 25 நிமிடங்களில் திறந்தார். மீண்டும் பூட்டுவதற்கு 7 நிமிடங்களே ஆயின. காவலுக்கு வைக்கப்பட்ட அந்தக் கொக்கியே எந்தத் தகடு அளவு மீறியது என்று இவருக்குக் குறிப்புணர்த்தியது.

இரண்டாவது, ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு. அவரது பிக்கடிலி கடையின் சாளரத்தில் ஒரு பூட்டு தொங்கவிடப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 18 சறுக்குத் தகடுகள் கொண்ட அப்பூட்டில் பல கோடிச் சேர்க்கைகள் சாத்தியம். பிராமா 1814இல் இறந்த பின்னரும் அறைகூவல் நீடித்தது. ஹாப்ஸுக்கு 30 நாட்கள் அவகாசம் தரப்பட்டது. 16 நாட்களில் பரவலாக, மொத்தம் சுமார் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். பிராமா நிறுவனம் முறையிட்டபோதிலும் நடுவர்கள் ஹாப்ஸுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தனர். பரிசுத் தொகையும் வழங்கப்பட்டது.

திறந்த முறை

ஒரு பூட்டிலுள்ள தகடுகள் அனைத்தும் தாழை ஒரே சமயத்தில் தடுக்கின்றன என்பது கோட்பாடு. நடைமுறையில் எந்தப் பட்டறையும் அத்தனை துல்லியமாக உலோகத்தை வெட்ட இயலாது. தாழுக்கு மெல்லிய அழுத்தம் கொடுத்தால் ஏதோ ஒரு தகடே முதலில் சுமையைத் தாங்கும். அதைத் தொட்டுணர்ந்து, விடுபடும்வரை நகர்த்தினால் அடுத்த தகடு சுமையேற்கும். நான்கு தகடுகளுக்குத் தலா 10 நிலைகள் எனில் 10,000 சேர்க்கைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிய முடிந்தால் அதிகபட்சம் 40 முயற்சிகள் போதும். ஆகவே சேர்க்கைகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பாதுகாப்பை மதிப்பிடுவது தவறாகும்.

பிற்காலத்தில் கதவுகளில் பொருத்தப்பட்ட பொத்தான் எண்பூட்டுக்களுக்கும் இது பொருந்தும். ஐந்து பொத்தான்களும், ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே தனியாகவோ பிறவற்றுடன் சேர்த்தோ அழுத்தும் அமைப்பும் கொண்ட பூட்டில், எதையும் அழுத்தாத நிலையையும் சேர்த்து, 1,082 சேர்க்கைகளே உள்ளன. ஒன்றுக்கு 5 நொடி என்றாலும் ஒன்றரை மணி நேரத்தில் அனைத்தையும் முயன்றுவிடலாம். கைப்பிடியைத் திருக்கியபடி பொத்தான்களின் இறுக்கத்தை உணர முடிந்தால் அவ்வளவு நேரமும் தேவைப்படாது.

குறைகளை வெளியிடுதல்

இத்தகைய செய்திகள் திருடர்களுக்குப் பாடமாகிவிடும் என்று பலர் கண்டித்தனர். ஹாப்ஸ் தரப்பின் வாதம் சார்லஸ் டாம்லின்சன் தொகுத்து 1853இல் வெளியான பூட்டு நூலில் விளக்கப்பட்டது. திருடர்கள் தம் தொழிலை முன்பே நன்கறிவர்; அறியாதவர் அப்பூட்டை நம்பிப் பணம் வைக்கும் நேர்மையாளரே என்பது அதன் சாரம். கணினிப் பாதுகாப்புத் துறையில் இவ்வாதம் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

எந்தத் திருடனுக்கும் 51 மணி நேர அமைதி கிடைக்காது என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சப் பூட்டின் 25 நிமிடங்களுக்கு அது விடையாகாது.

ஹாப்ஸ் கொண்டுவந்த பராட்டாப்டிக் பூட்டும் தப்பவில்லை. 1850களில் லைனஸ் யேல் (இளையவர்) அதைத் திறந்தார். சாவித்துளையே கருவி நுழையும் வழி என்று கண்ட யேல், வங்கிகளுக்காகச் சாவியில்லாத எண்பூட்டுக்களை உருவாக்க முற்பட்டார்.

பிற்காலம்

ஹாப்ஸ் இலண்டனிலேயே தங்கித் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். ஆங்கிலேயப் பூட்டுக்கள் பெரும்பாலும் கையால் செய்யப்பட்ட அக்காலத்தில் இவர் இயந்திரங்களைக் கொண்டு பூட்டுக்களைத் தயாரித்தார். பூட்டுக்கள் பற்றிய கட்டுரைக்காகக் குடிசார் பொறியாளர் கழகத்தின் டெல்ஃபோர்டு பதக்கம் பெற்றார். 1860இல் அமெரிக்கா திரும்பித் தையல் இயந்திரத் தொழிற்சாலையிலும், 1866 முதல் கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்த தோட்டா நிறுவனத்திலும் பணியாற்றினார். அந்நகரிலேயே காலமானார். ஹாப்ஸ் ஹார்ட் என்ற பெயரில் தொடர்ந்த இவரது இலண்டன் நிறுவனத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சப் நிறுவனமே வாங்கியது.