டாக் டிரேப்பர்: வெளியே பார்க்காமல் வழி கண்டவர்

1953 பிப்ரவரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கிளம்பிய ஒரு பி-29 விமானம், 12 மணி நேரத்துக்கு மேல் பறந்து லாஸ் ஏஞ்சலஸை அடைந்தது. வழியில் ரேடியோ சிக்னலும் பார்க்கல, நட்சத்திரமும் பார்க்கல. வழி காட்டியது உள்ளே இருந்த, ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு கருவி. அதைச் செய்தவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர்.

1901-ல் மிசோரி மாநிலத்தில் பிறந்தவர். முதல் பட்டம் எதுல தெரியுமா? உளவியல்! அப்புறம் எம்.ஐ.டி-யில் மின்வேதியியல், 1938-ல் இயற்பியலில் முனைவர் பட்டம். விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் பீரங்கிகளுக்கு கைரோஸ்கோப் வைத்த குறிபார்க்கும் கருவியை உருவாக்கினார்.

அவர் பிடித்த ஐடியா சிம்பிள். முடுக்கத்தை அளந்து ஒரு தடவை இன்டக்ரேட் பண்ணா வேகம், இன்னொரு தடவை பண்ணா தூரம். ஆனா சென்சார்ல இருக்கிற பிழையும் கூடவே இரண்டு தடவை இன்டக்ரேட் ஆகும்! புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலே, ஒரு நிமிஷத்தில் சுமார் 18 மீட்டர் தள்ளிப் போகும். பத்து நிமிஷத்தில் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிடும். இந்தப் பிழையைக் குறைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை.

1961-ல் அப்போலோவுக்கு வழிகாட்டும் பொறுப்பு அவரது ஆய்வகத்துக்கு வந்தது. தன் கருவியை நம்பி, தானே விண்வெளி வீரராக வருவதாக நாசாவுக்குக் கடிதம் எழுதினார். அப்போ அவருக்கு வயது 60! அவரை அனுப்பல, கருவி நிலா வரை போனது. அங்கேயும் கைரோ மெல்ல விலகத்தான் செய்தது. வீரர்கள் அவ்வப்போது நட்சத்திரங்களைக் குறிபார்த்து அதைச் சரிசெய்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஆய்வகம்தான் போலாரிஸ் அணு ஏவுகணைக்கும் வழி காட்டியது. வியட்நாம் போர்க்காலத்தில், 1969-ல், மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1973-ல் ஆய்வகம் எம்.ஐ.டி-யை விட்டுப் பிரிந்தது. இன்றும் அவர் பெயரில்தான் இயங்குது.

1987-ல் டிரேப்பர் மறைந்தார். ஜி.பி.எஸ் முழுமையாகச் செயல்பட வந்தது 1995-ல். இன்று நட்சத்திரத்தின் வேலையை செயற்கைக்கோள் செய்யுது. சுரங்கப்பாதையில் சிக்னல் போனா உள்ளே இருக்கிற சென்சார் சமாளிக்கும். வெளியே வந்ததும் ஜி.பி.எஸ் அதன் பிழையைத் திருத்தும். எதை எவ்வளவு நம்பணும்னு கணக்குப் போடுறது கால்மன் ஃபில்டர். டிரேப்பரின் ஒரு டன் கருவி செய்த வேலையை, அந்தத் துல்லியம் இல்லாவிட்டாலும், இப்போ நம்ம போன்ல நகத்தைவிடச் சின்னச் சிப் செய்யுது.