குவளை கற்பித்த பாடம்

கொங்கு நாட்டின் ஈரோட்டு நகரில், செல்வ வணிகர் வெங்கட்ட நாயக்கரின் மகனாக 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிறந்தவர் ஈ.வெ. ராமசாமி. பிற்காலத்தில் தமிழ் மக்கள் அவரைப் பெரியார் என்றழைத்தனர்.

அவர் பயின்ற பள்ளியைச் சுற்றிப் பல சாதியாரும் முஸ்லிம்களும் வாழ்ந்தனர். அவர்கள் வீட்டில் தண்ணீர் அருந்தலாகாது; சைவரான ஆசிரியரின் இல்லத்திலே மட்டும் அருந்தலாம் என்பது வீட்டாரின் கட்டளை. ஆசிரியர் வீட்டிலோ, அவரை அண்ணாந்து குடிக்கச் செய்து, பின்னர்க் குவளையின் மீது நீரூற்றிக் கழுவியே உள்ளே எடுத்துச் சென்றனர். தம் வீட்டில் உயர்ந்தவனென்று வளர்க்கப்பட்ட சிறுவன், அவ்வாசலில் தாழ்ந்தவனாக நின்றான்.

ஊர் வழக்கம் மனிதனின் மனத்தை இவ்வாறே உருவாக்குகிறது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்னும் பெருமையில், தனக்கு மேலுள்ளவன் செய்யும் இழிவை அவன் இயல்பென்று ஏற்கின்றான். நீதி எதுவென்பதையும் அவ்வழக்கத்தைக் கொண்டே அளக்கின்றான்.

ராமசாமி அதனை ஏற்கவில்லை. விலக்கப்பட்ட வீடுகளிலேயே நீர் அருந்தினார், உணவும் உண்டார். காலில் விலங்கிட்டும் அவரைத் தடுக்க இயலவில்லை.

பின்னர் ஈரோடு நகராட்சித் தலைவராயிருந்து, 1919-இல் அப்பதவியைத் துறந்து காங்கிரஸில் சேர்ந்தார். 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் தீண்டத்தகாதோரென ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கும் உரிமைக்காக இருமுறை சிறை புகுந்தார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததையும் எதிர்த்தார். 1925-இல் காங்கிரஸிலிருந்து விலகிச் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். 1927-இன் இறுதியில் தம் பெயரோடிருந்த நாயக்கர் என்னும் பட்டத்தையும் நீக்கினார். பிறர் பெருமையை எதிர்ப்பது எளிது; தமக்குக் கிடைத்த பெருமையைத் துறப்பதே அரிது. 1973 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தார்.

இறைநம்பிக்கையை மறுத்தவர் அவர். அதில் நமக்கும் அவருக்கும் உடன்பாடில்லை. எனினும் மீலாது மேடைகளில் ஏறி, சாதி இழிவு நீங்க இஸ்லாத்தை ஒரு வழியாகச் சுட்டினார். அச்சொல்லைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். அதற்கு நாம் தகுதியுடையோமா என்பதே கேள்வி.

மக்கா வெற்றியின் போது, முன்னர் அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களையே கஃபாவின் மேலேறிப் பாங்கு சொல்லப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பள்ளிவாசல் வரிசையில் நாமும் தோளோடு தோள் நிற்கின்றோம். ஆனால் நிக்காஹ் பேசும்போது ராவுத்தர், லெப்பை, தக்கனி என்று பிரிகின்றோம். புதிதாய் இஸ்லாத்தைத் தழுவியவருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்றோம். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனிக்குவளை வைத்திருப்போரும் நம்மில் உண்டு.

மார்க்கம் தந்த நீதியை ஊர் வழக்கத்திடம் இழந்துவிடலாகாது, சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், நம் அடுக்களையில் அத்தகைய குவளை உளதா என்று பார்ப்போமாக. இருப்பின், அதனை மற்றக் குவளைகளோடு சேர்த்து வைப்போமாக.