மறுக்காத கை: மார்கரெட் ஸ்டைஃபின் வாழ்க்கை எமது வீடுகளுக்குச் சொல்வது

எமது ஊர்களில் தையல் மெஷின் இல்லாத ஒழுங்கை ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவை இரவிரவாக ஓடத் தொடங்கிவிடும். அந்த மெஷின்களுக்குப் பின்னால் இருக்கும் சகோதரிகளிடம் சில வேளைகளில் யாரும் எதிர்பாராத ஒரு கேள்வி வந்து சேர்கிறது. பாடசாலை ஒன்று இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 150 டீசேர்ட் தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறது. தூரத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தைத்த அபாயாவைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி 50 கிடைக்குமா என்று விசாரிக்கிறார்.

பதில் பெரும்பாலும் அந்தச் சகோதரியின் வாயிலிருந்து வருவதில்லை. வீட்டில் வேறு யாராவது முந்திக்கொண்டு, அதெல்லாம் எங்களுக்குச் சரிவராது என்று சொல்லிவிடுகிறார்கள். சில வீடுகளில் அதைச் சொல்ல வேறு ஆளும் தேவையில்லை. அவரே தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார்.

இதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜேர்மனியில் வாழ்ந்த ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். அவர் பெயர் மார்கரெட் ஸ்டைஃப். பெயர் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய தொழிற்சாலையில் இருந்து புறப்பட்ட டெடி கரடிப் பொம்மையைத் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. அவருடைய கதையை நான் இங்கே சொல்ல வருவது, அவர் பணக்காரியானார் என்பதற்காக அல்ல. எதிர்பாராத ஒரு வாய்ப்பு வந்து கதவைத் தட்டியபோது அவர் எப்படி ஆம் சொன்னார், அதைச் சொல்ல அவருக்கு யார் துணை நின்றார்கள் என்பதற்காகத்தான்.

தென் ஜேர்மனியில் பிரென்ஸ் ஆற்றங்கரையில் கீங்கன் என்றொரு சிறிய ஊர். அங்கே 1847 ஜூலை 24இல் மார்கரெட் பிறந்தார். தந்தை கட்டடம் கட்டும் மேஸ்திரி. இரண்டு மூத்த சகோதரிகள், ஒரு தம்பி. பிள்ளைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கால்கள் இரண்டும் செயலிழந்தன. வலது கையையும் வலியில்லாமல் அசைக்க முடியவில்லை. அது போலியோ என்பது பிறகுதான் தெரியவந்தது.

பெற்றோர் பார்க்காத வைத்தியம் இல்லை. ஒன்பது வயதில் சத்திரசிகிச்சையும் செய்தார்கள், வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். எதுவும் கைகொடுக்கவில்லை. இனி நடக்க முடியாது என்பது உறுதியானது.

அந்தக் காலத்தில் இப்படியொரு பெண் பிள்ளைக்கு எதிர்காலம் என்று எதையும் யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள். கல்யாணம் நடக்காது, வீட்டு வேலை செய்ய முடியாது, கடைசி வரை யாரோ ஒருவரின் சுமை என்றுதான் ஊர் முடிவு செய்திருக்கும். ஆனால் மார்கரெட் பாடசாலைக்குப் போனார். உடன்பிறந்தவர்களும் அயல் பிள்ளைகளும் சிறிய மரவண்டியில் வைத்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு தையல் பள்ளிக்கும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வலது கை ஒத்துழைக்காத பிள்ளை தையல் கற்பதா என்று தந்தைக்குச் சந்தேகம். ஆரம்பத்தில் மார்கரெட்டுக்கும் தையல் சுலபமாக வரவில்லை. விடாமல் பழகினார். 17 வயதில் பயிற்சியை முடித்துவிட்டார்.

சகோதரிகளோடு சேர்ந்து பெண்களுக்கான உடுப்புகள் தைத்தார். சித்தார் போன்ற நரம்பு வாத்தியமான சிதர் வாசிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர்கள் தையல் மெஷின் ஒன்று வாங்கினார்கள். கீங்கனுக்கு வந்த முதல் தையல் மெஷின் அதுதான் என்று சொல்வார்கள். மெஷினின் சக்கரம் வலது பக்கத்தில் இருந்தது. அவருடைய வலது கைக்கோ அதைச் சுழற்றப் பலமில்லை. அவர் மெஷினையே மறுபக்கம் திருப்பி வைத்து, இடது கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தார். கை மெஷினுக்குப் பொருந்தாவிட்டால் மெஷினைக் கைக்குப் பொருத்திக்கொள்வது. அவருடைய குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சகோதரிகள் கல்யாணம் முடித்துப் போனார்கள். மார்கரெட் தொழிலை விடவில்லை. ஒரு காலத்தில் சந்தேகப்பட்ட அதே தந்தை, 1874இல் வீட்டைத் திருத்தி மகளுக்கென்று ஒரு தையல் அறை அமைத்துக் கொடுத்தார்.

மார்கரெட்டின் வாழ்க்கையில் மூன்று தடவை எதிர்பாராத வாய்ப்பு வந்தது என்று நான் நினைக்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது ஃபெல்ட் துணி. கம்பளி நாரை நெய்யாமல், ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தி இறுக்கிச் செய்யும் தடித்த துணி அது. வெட்டினால் ஓரம் நூல் பிரியாது, அதனால் மடித்துத் தைக்கும் வேலை குறைவு. ஊரிலேயே உறவினர் ஒருவரின் ஃபெல்ட் தொழிற்சாலை இருந்தது. இந்தத் துணியில் ஆயத்த உடுப்புகள் செய்து விற்கலாமே என்று உறவுக்குள் இருந்தே ஒரு யோசனை வந்தது. அதுவரை அவர் அளவெடுத்து ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுத்தவர். இப்போது யார் வாங்குவார் என்று தெரியாமலே தைத்து வைக்க வேண்டும். அது வேறொரு தொழில், வேறொரு ஆபத்து. 1877இல் அவர் அதற்குச் சம்மதித்தார். ஃபெல்ட் உள்பாவாடைகள் விலைப்பட்டன. கொஞ்ச காலத்தில் மற்றப் பெண்களையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது.

இரண்டாவது வாய்ப்புத்தான் வேடிக்கையானது. 1879 டிசம்பரில் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் சிறிய யானை ஒன்றின் வெட்டு மாதிரியை அவர் பார்த்தார். அதைப் பார்த்து ஃபெல்ட்டில் யானைகள் செய்தார். அவற்றை அவர் விளையாட்டுப் பொருளாகச் செய்யவில்லை. ஊசி குத்தி வைக்கும் சிறு பஞ்சணைகளாகச் செய்து, தெரிந்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார். ஆனால் வீடுகளில் இருந்த பிள்ளைகள் அந்த யானைகளைத் தூக்கிக்கொண்டு போய் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் செய்யப்பட்டவை. கட்டிப்பிடித்துத் தூங்கக்கூடிய மெத்தென்ற மிருகம் ஒன்று அவர்களுக்குப் புதிது. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர் உடுப்பு விற்பவர். யானை அவருடைய வியாபாரமே அல்ல. நான் தையற்காரி, பொம்மைக்காரி அல்ல என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதே நேரம், உடுப்பு வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு யானையின் பின்னால் ஓடவுமில்லை. உள்பாவாடை சோறு போட்டது. வெட்டில் மிஞ்சிய நேரத்திலும் துணியிலும் யானை வளர்ந்தது. தம்பி ஃபிரிட்ஸ் ஒரு சாக்கில் யானைகளை நிரப்பிப் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். 1886ஆம் ஆண்டளவில் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விலைப்பட்டிருந்தன. பிறகு குதிரை, ஒட்டகம், பூனை, நாய் என்று மற்ற மிருகங்களும் வந்தன. 1893இல் அவருடைய நிறுவனம் ஃபெல்ட் விளையாட்டுப் பொருள் தொழிற்சாலையாக அவருடைய பெயரிலேயே பதிவானது.

அந்தத் தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவரும் தந்தையைப் போலக் கட்டட வேலை செய்பவர். அக்காவுக்கு அவர் கட்டிய புதிய கட்டடத்தில், சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்கென்றே சாய்தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அக்காவுக்கு நடக்க முடியாதே, அவருக்கு எதற்கு வியாபாரம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்தச் சாய்தளம்தான்.

மூன்றாவது வாய்ப்பு, அவருடைய சொந்த விருப்பத்துக்கு எதிராக வந்தது. ஃபிரிட்ஸின் மகன் ரிச்சர்ட், ஸ்டுட்கார்ட் நகரில் சித்திரமும் கைவினையும் படித்தவர். அங்கிருந்த மிருகக்காட்சிசாலையில் கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1897இல் மாமியின் நிறுவனத்தில் சேர்ந்தார். 1902இல் அவர் ஒரு கரடியை வடிவமைத்தார். 55 சென்ரிமீற்றர் உயரம், ஃபெல்ட்டுக்குப் பதிலாக ஆட்டு ரோமத்தில் நெய்த மொஹேர் துணி, அசைக்கக்கூடிய கைகால்கள். மார்கரெட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. துணி விலை கூடியது, பொம்மை பெரியது, யார் வாங்குவார் என்ற தயக்கம். ஆனாலும் அவர் அந்தக் கரடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவில்லை. அடுத்த வருடம் லைப்சிக் நகரில் நடந்த வர்த்தகச் சந்தைக்கு அதைக் கொண்டுபோக இடம் கொடுத்தார்.

சந்தையில் கரடியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடைசி நேரத்தில் அமெரிக்காவில் இருந்து வந்த கொள்வனவாளர் ஒருவரின் கண்ணில் அது பட்டது. அவர் 3,000 கரடிகளுக்கு ஓடர் கொடுத்தார். அந்த நேரம் அமெரிக்காவில் கரடிக் காய்ச்சல் பிடித்திருந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டி வைத்திருந்த ஒரு கரடியைச் சுட மறுத்தார் என்ற செய்தி அங்கே கேலிச்சித்திரமாகப் பரவி, அவருடைய செல்லப் பெயரான டெடி கரடிப் பொம்மைக்கும் ஒட்டிக்கொண்டது. நியூயோர்க்கில் கடை வைத்திருந்த ஒரு தம்பதியும் அதே காலத்தில் கரடி செய்து விற்றார்கள். கீங்கன் ஊரில் இருந்தவர்கள் இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்யவில்லை. கேள்வி வந்தபோது அவர்களிடம் பொருள் இருந்தது, செய்து கொடுக்கக் கைகளும் இருந்தன.

1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 12,000 கரடிகள் விற்றன. தங்கப் பதக்கமும் கிடைத்தது. பெயர் பரவியதும் போலிகளும் வந்தன. அதே வருடம் இன்னொரு மருமகனான ஃபிரான்ஸின் யோசனைப்படி ஒவ்வொரு மிருகத்தின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பதிக்கப்பட்டது. இன்றுவரை அந்த நிறுவனத்தின் அடையாளம் அதுதான். 1907இல் மட்டும் 974,000 கரடிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலைக்குள் 400 பேர் வேலை செய்தார்கள். இன்னும் 1,800 பேர் தங்கள் வீடுகளில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தார்கள்.

அந்த 1,800 பேரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கால் நடக்காத ஒரு பெண் ஆம் சொன்னதால், அத்தனை வீடுகளுக்குள் உழைப்பின் கூலி போய்ச் சேர்ந்தது. மறுத்திருந்தால் இழப்பு அவருடையதாக மட்டும் இருந்திருக்காது.

செல்வம் வந்த பிறகும் அவர் தரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. புதிய மாதிரிகளைத் தானே கையில் எடுத்துப் பார்ப்பார். பிள்ளைகளுக்குக் கொடுப்பது மிகச் சிறந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அவருடைய நிறுவனத்தின் கொள்கை. 1906இல் நிறுவனத்தை வரையறுக்கப்பட்ட கம்பனியாக மாற்றி, பொறுப்பை மருமகன்மாரிடம் ஒப்படைத்தார். 1909 மே 9இல், 61ஆவது வயதில், நியூமோனியாவால் காலமானார். அவருடைய பெயரில் அந்த நிறுவனம் இன்றும் அதே கீங்கனில் இயங்குகிறது.

துணிந்தவர்களுக்கே வெற்றி என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் மார்கரெட்டின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. கையில் உள்ளதை எல்லாம் ஒரே நாளில் பணயம் வைத்தவர் அல்ல அவர். தெரிந்த தொழிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, தெரியாததை மறு கையால் தொட்டுப் பார்த்தார். முதலில் சில யானைகள், பிறகு ஒரு சாக்கு, பிறகு ஆயிரங்கள். கிராமங்களில் நுண்கடன் வாங்கித் தவணை கட்ட முடியாமல் எத்தனை பெண்கள் கண்ணீர் விட்டார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே ஆம் சொல்வது என்றால் கடனில் குதிப்பது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். 150 டீசேர்ட் முடியாவிட்டால் 40 முடியுமா என்று கேட்கலாம். துணிக்கு முற்பணம் கேட்கலாம். பக்கத்து வீட்டு இரண்டு மெஷின்களையும் சேர்த்துக்கொள்ளலாம். திகதியை ஒரு வாரம் தள்ளிக் கேட்கலாம். இவை எல்லாம் ஆம் என்பதன் வேறு வேறு வடிவங்கள்தான்.

இரண்டாவது விடயம் வீட்டாருக்கானது. மார்கரெட்டின் துணிச்சலைப் புகழ்கிறோம், சரி. ஆனால் தையல் அறை கட்டிக் கொடுத்த தந்தையும், சாக்கைத் தோளில் சுமந்து சந்தைக்குப் போன தம்பியும், பொம்மையை வரைந்த மருமகனும் இல்லாமல் அந்தத் துணிச்சல் எங்கே போய் நின்றிருக்கும்? எமது வீடுகளில் வாப்பாவும் கணவரும் நானாவும் தம்பியும் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்து அவர்கள் சொல்லும் மறுப்பு, பல வேளைகளில் ஒரு பெண்ணின் பத்து வருடத் திறமையை மூடி வைக்கும் மூடியாகிவிடுகிறது.

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண்ணைத் தேடி ஓர் ஓடர் வந்தால், அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். கொப்பியையும் பேனாவையும் எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். துணிக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, எத்தனை நாள், கையில் என்ன மிஞ்சும் என்று சேர்ந்து கணக்குப் பாருங்கள். கணக்கு இடம் கொடுத்தால், ஆம் என்ற வார்த்தையை அவரே சொல்லட்டும். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.