புகலிடம் தந்த சகோதரி

உண்ண உணவும் உடுக்க உடையும் இருந்தும் தமக்கென ஓரிடம் இல்லாதவர் வீடற்றவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்து இளம் கைம்பெண்கள் பலர் அத்தகைய நிலையில் இருந்தனர். மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856இலேயே இயற்றப்பட்டிருந்தது, வழக்கமோ மாறவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. பராமரிப்புப் பெறும் உரிமை மட்டுமே உண்டு. புகுந்த வீடு அவர்களைச் சுமையாகக் கருதியது. பிறந்த வீடோ பெற்றோர் உள்ளவரை மட்டுமே புகலிடமாக இருந்தது.

இத்துயரைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டு சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி இணையருக்கு மகளாகப் பிறந்தார். பதினோரு வயதளவில் மணம் முடிந்தது. விரைவிலேயே கணவரை இழந்தார். தந்தை மகளை மூலையில் முடக்காமல் கல்வி பயிற்றினார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியாகப் போற்றப்படுகிறார்.

தமக்கு வாய்த்த நிழல் பிறருக்கும் வேண்டும் என அவர் எண்ணினார். எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களைச் சேர்த்துக் கல்வி அளித்தார். தாமும் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள் அவர்களைப் பேணினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. அயர்லாந்தைச் சேர்ந்த கல்வி அலுவலர் லிஞ்ச் அம்மையார் உறுதுணையானார்.

சேர்வோர் பெருகவே இடம் போதவில்லை. எதிரே வருவதையே தீநிமித்தமாகக் கருதிய காலத்தில், கைம்பெண்கள் கூடி வாழ இடம் தேடுவது எளிதன்று. இறுதியில் அரசின் உதவியால் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் அவர்களின் இல்லமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

இல்லத்தில் முதலில் பிராமணப் பெண்களே சேர்க்கப்பட்டனர். பெற்றோரின் நம்பிக்கையைப் பெறும் பொருட்டு ஆசாரங்களும் காக்கப்பட்டன. அக்காலச் சமூகம் விதித்த எல்லை அது. எனினும் அங்கு வந்தோர் அடைபட்டுக் கிடக்கவில்லை. பள்ளிக்கல்வி முடித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, தம் வருவாயில் வாழும் ஆசிரியைகளாக வெளியேறினர். 1922இல் தொடங்கப்பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே தலைமையேற்றார்.

பிற்காலத்தில் சட்டமன்ற மேலவை உறுப்பினராகப் பணியாற்றிய அவருக்கு, 1958இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1969இல் மறைந்தார்.

தனித்து வாழும் பெண்ணுக்கு வாடகை வீடு தரத் தயங்குவோர் இன்றும் உளர். ஆதரவற்றோர்க்கு ஓரிரவு தங்க இடம் தருவது இரக்கம். அவர் தமக்கென ஒரு வீட்டை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் பெறும்வரை உடனிருப்பதே அறம். சுப்புலட்சுமியின் இல்லம் அவ்வறத்தையே செய்தது.