மரத்தின் காயம் அறிந்தவர்: ஹென்றி நிக்கலஸ் ரிட்லி

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவாராம். உளியைப் பட்டையில் வைக்கும்போது ஒரு கணக்கு உண்டு என்பார். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகச் சீவினால் உள்ளே இருக்கும் மரத்தில் உளி பட்டுவிடும். அதற்குத் தோட்டத்தில் காயம் என்று பெயர். காயம் பட்ட மரத்தைக் கிராணி பார்த்துவிட்டால் அன்றைய கூலியில் கை வைத்துவிடுவார்.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர் யார் என்று நான் கேட்டதில்லை. தமிழ்ப்பள்ளியில் இரப்பர் மரம் தன் வரலாறு கூறுவதாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ரிட்லி என்ற பெயர் ஒரே வரியில் வந்து போனது. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், பால் என்பது மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி என்பது புரிந்தது. அப்போதுதான் அந்த ஒரு வரி மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

மரம் ஏன் பால் வடிக்கிறது?

மரத்தால் ஓட முடியாது. திருப்பி அடிக்கவும் முடியாது. பட்டையில் கீறல் விழுந்தால் அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் திறந்துவிட்ட வாசல். அந்த வாசலை உடனே மூடியாக வேண்டும். இரப்பர் மரம் அதற்குப் பாலைப் பயன்படுத்துகிறது.

பட்டையின் உட்பகுதியில் நுண்ணிய பால்குழாய்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. அவற்றுள் பால் அழுத்தத்துடன் நிறைந்திருக்கும். குழாய் அறுந்தவுடன் அது பீறிட்டு வெளியேறும். அப்பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரப்பர். பால் வழியும்போதே அதிலுள்ள நுண்பைகள் சில உடைந்து, ஹெவீன் என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அப்புரதம் இரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. அதே புரதத்துக்குப் பூஞ்சையின் உடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் தன்மையும் உண்டு. சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுவது இதனால்தான். வெட்டுவாயில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால், மரம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு.

நோர்ஃபோக்கிலிருந்து சிங்கப்பூருக்கு

ஹென்றி நிக்கலஸ் ரிட்லி 1855 டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்ஃபோக் வட்டாரத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் இயற்கை அறிவியல் பயின்று, 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரப் பிரிவில் பணிக்குச் சேர்ந்தார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்றழைக்கும் அதே பூங்காதான்.

அங்கே அவருக்கு முன்பே பதினோர் ஆண்டுகளாகச் சில பிரேசில் மரங்கள் நின்றுகொண்டிருந்தன. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. சில கோலகங்சாருக்குப் போயின; மற்றவை பூமலையில் நடப்பட்டன. அவற்றால் என்ன பயன் என்பது அப்போது இங்கே எவருக்கும் விளங்கவில்லை.

வண்டு காட்டிய பாடம்

ரிட்லி வந்த புதிதில் கவனித்தது இரப்பரை மட்டுமன்று. தென்னை மரங்கள் வண்டுகளால் செத்துக்கொண்டிருந்தன. 1889இல் அது பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். காண்டாமிருக வண்டு தென்னையின் குருத்தைக் குடைகிறது. அது போட்ட ஓட்டையில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் உள்ளிருந்தே மரத்தைத் தின்று தீர்க்கின்றன. முதல் வண்டால் தப்பிப் பிழைக்கும் மரமும் இரண்டாவதால் சாகும். செத்த மரங்களை அப்படியே கிடக்கவிட்டால் அவையே வண்டுகளின் பிறப்பிடமாகிவிடும். மறு ஆண்டே, 1890இல், தென்னை மரங்களைக் காக்கும் சட்டம் நீரிணைக் குடியேற்றங்களில் நடப்புக்கு வந்தது.

காயம் சிறிதாக இருக்கலாம். அதன் வழியே நுழைவது சிறிதாக இருக்காது. தென்னையில் கண்ட இந்த உண்மை இரப்பருக்கும் பொருந்தும்.

ஒரு மயிரிழைக் கணக்கு

அமேசான் காட்டில் பால் எடுப்பவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடரி பட்டையைத் தாண்டி மரம்வரை இறங்கியது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு உண்டு. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அது சிதைந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் மறுபடி பால் எடுப்பது கடினம்.

ரிட்லி பூமலை மரங்களில் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து பார்த்தார். கொத்துவதை விட்டுவிட்டு, பட்டையை மெல்லியதாகச் சீவினார். வேறு இடத்தில் புது வெட்டுப் போடாமல், பழைய வெட்டின் விளிம்பிலேயே மறுபடி ஓர் இழை சீவினார். நாளுக்கு நாள் பால் கூடியது. மீண்டும் மீண்டும் காயம் பட்ட இடத்துக்கு மரம் கூடுதலாகப் பாலை அனுப்பியது. விடியற்காலையில் பால் அதிகம் என்பதும் தெரிந்தது. கேம்பியத்தைத் தொடாமல் விட்டால் சீவிய இடத்தில் புதுப் பட்டை வளர்ந்தது. அதையும் பின்னர்ச் சீவலாம்.

1890களின் நடுப்பகுதியில் மீன்முள் வடிவ வெட்டு முறை இப்படித்தான் உருவானது. ஹெவீன் என்ற புரதத்தைப் பற்றி ரிட்லிக்கு எதுவும் தெரியாது. ஆனால் மரம் எவ்வளவு காயத்தைத் தாங்கும், எங்கே தொட்டால் தாங்காது என்ற எல்லையைத் தன் கையாலேயே சோதித்து அறிந்துகொண்டார். பாட்டியின் கூலியைத் தீர்மானித்த அந்த மயிரிழை அவர் கண்ட எல்லைதான்.

பைத்தியக்காரர் எனும் பட்டம்

கண்டுபிடித்தது போதவில்லை, கேட்பார் வேண்டுமே! அக்காலத் தோட்ட முதலாளிகள் காப்பியில் பணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலன் தர ஐந்தாறு ஆண்டு பிடிக்கும் மரத்தை யார் நடுவார்கள்? ரிட்லி சட்டைப் பையில் இரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, சந்திக்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்து நடச் சொல்லிக் கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அவர் ஓயவில்லை.

முதலில் காது கொடுத்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். அதே காலத்தில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. இங்கிருந்த காப்பிச் செடிகளை அந்துப்பூச்சியின் புழுக்களும் தின்று அழித்தன. பிறகு மோட்டார் வண்டி வந்தது. சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. நேற்றுவரை சிரித்தவர்கள் விதைக்காக ரிட்லியைத் தேடி வந்தார்கள். 1920ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது.

பாலால் காக்க முடியாத இலை

பால் பட்டையைக் காக்கும். இலையைத் தாக்கும் எல்லா நோயிலிருந்தும் மரத்தைக் காக்க அதனால் முடியாது. தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய் இளம் இலைகளைத் தாக்கி உதிர்த்துவிடுகிறது. காட்டில் இரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கும். அந்த இடைவெளியே அவற்றுக்கு ஓர் அரண். 1928இல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு, விக்கம் விதை பொறுக்கிய அதே தப்பஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் போட்டார். மரங்களை நெருக்கி நட்டதும் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அதைக் கைவிட்டது.

மலாயாவில் அதே நெருக்கமான நிரைகள் செழித்தன. காரணம், விதை கடல் கடந்தது, நோய் கடக்கவில்லை. இன்றுவரை அந்நோய் மலேசியாவில் காலூன்றவில்லை. ஆனாலும் நம் மரங்கள் பெரும்பாலும் அந்தச் சில கன்றுகளின் வழி வந்தவை. எதிர்ப்பாற்றலில் வேறுபாடு குறைந்த கூட்டம் அது. காவல் தளர்ந்தால் ஆபத்து.

நூறாண்டு வாழ்க்கை

ரிட்லி 1911 வரை பூமலையை நடத்தினார். இன்று சிங்கப்பூரின் தேசிய மலராக இருக்கும் ஆர்கிட் பூவை 1893இல் அறிவியல் உலகுக்கு விவரித்து எழுதியவரும் அவரே. 1907இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஓய்வுக்குப் பின் கியூ அருகே குடியிருந்து, 1922 முதல் 1925 வரை மலாயாத் தீபகற்பத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றிய பெருநூல் 1930இல் வந்தது. 1956 அக்டோபர் 24இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். அதற்குப் பத்து மாதங்கள் கழித்து மலாயா சுதந்திரம் பெற்றது.

அளக்கப்படாத காயம்

ரிட்லியின் வெட்டு முறைக்கு ஒவ்வொரு மரத்துக்கும் தினமும் ஒரு மனிதக் கை தேவைப்பட்டது. அந்தக் கைகளைத் தேடித் தமிழகத்துக்குக் கங்காணிகள் போனார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்றே ஒன்று அமைக்கப்பட்டது. நம் முன்னோர் கப்பலேறினார்கள். புதிதாகக் காடு அழித்த தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் பலர். அதை ரிட்லியின் குற்றமாக நான் சொல்லவில்லை. அவர் தாவரவியல் அறிஞர். ஆள் சேர்த்தவர் அல்லர்.

ஆயினும் ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அளவுக்கு மேல் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகையால் மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுத்தார்கள். மரத்தில் காயம் பட்டால் கூலியைப் பிடித்தார்கள். மரம் தாங்கும் எல்லையை இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள், உளி பிடித்தவர்கள் தாங்கும் எல்லையை அதே அக்கறையோடு அளந்தார்களா?

பாட்டி வேலை செய்த தோட்டம் இன்று செம்பனைக் காடு. அவருடைய உளி மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இவ்வளவையும் படித்துவிட்டு, மரம் பாலை வைத்துத்தான் தன் காயத்தை மூடுகிறது என்று பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. மறுநாள் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுச் சீவுபவர்களுக்கு அது தெரியாதா என்பதுபோல் பார்த்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். நம் பாடநூல் ஒரு வரியில் முடித்துவிட்ட அறிவியலைக் கையால் செய்து பார்த்தவர் அவர். ரிட்லியைப் படியுங்கள். படித்துவிட்டு, அவரிடமும் கேளுங்கள்.