யானைக்குத் துதிக்கை வந்த கதை சொன்னவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை மதிலை ஒட்டி நடந்தால் ஜூ டவுன் வந்துவிடும். மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் கை மாறிய தெரு. தெருக்கோடியில் 1568-ம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர்களின் ஜெப ஆலயம் நிற்கிறது. தரை முழுதும் நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள். 1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்த பின்னர் இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். அவர்கள் சொல்லிச் சென்ற பழங்கதைகள் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை.

அவற்றில் ஒன்று, சாலமன் அரசனின் மரக்கலங்கள் இந்தக் கரைக்கு வந்தன என்பது. தந்தமும் குரங்கும் மயிலும் ஏற்றிச் சென்றனவாம். பைபிளில் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம்முடைய 'தோகை' என்ற சொல்லிலிருந்து போனதே என்று மொழி ஆராய்ச்சியாளர் பலர் கூறியிருக்கிறார்கள். தமிழர்கள் ஜூ டவுன் தெருவில் நடக்கும்போது சற்றே நிமிர்ந்து நடக்க இது ஒன்று போதாதா!

இதே சாலமன் அரசனை வைத்து ஓர் ஆங்கிலேயர் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார். அரசனுக்கு, பட்டத்தரசி பல்கீஸ் நீங்கலாக, 999 மனைவிகள். அத்தனை பேரும் ஓயாத சண்டை. நந்தவனத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி, தான் காலால் ஓர் உதை உதைத்தால் அரண்மனையே மறைந்து போகும் என்று தன் மனைவியிடம் பீற்றிக்கொள்கிறது. அரசன் காதில் அது விழுகிறது. சிரித்துக்கொண்டே பூதங்களை அழைக்கிறான். பூச்சி காலை உதைக்கிறது; பூதங்கள் அரண்மனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. ஒரு பூச்சிக்காக இவ்வளவு செய்பவன் நமக்கு என்ன செய்வானோ என்று 999 பேரும் நடுங்கிப்போய் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். 1902-ல் வெளிவந்த 'ஜஸ்ட் ஸோ ஸ்டோரீஸ்' என்ற புத்தகத்தில் 12 கதைகள். ஒட்டகத்துக்குத் திமில் வந்தது எப்படி, சிறுத்தைக்குப் புள்ளி வந்தது எப்படி, காண்டாமிருகத்தின் தோல் மடிந்து தொங்குவது ஏன், திமிங்கலத்தின் தொண்டை குறுகலாக இருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் கற்பனையில் பதில். இவற்றுள் யானைக் கதைதான் உலகம் முழுதும் பரவியது. ஆதியில் யானையின் மூக்கு பூட்ஸ் அளவுதானாம். எதையும் கேட்டுக் கேட்டு உறவினர் எல்லாரிடமும் அடி வாங்கும் ஒரு யானைக்குட்டி, முதலை என்ன சாப்பிடும் என்று கேட்க லிம்போபோ நதிக்குப் போகிறது. முதலை அதன் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. ஒரு மலைப்பாம்பு குட்டியின் காலைச் சுற்றிக்கொண்டு பின்னால் இழுக்கிறது. மூக்கு நீண்டது நீண்டதுதான். வீடு திரும்பிய குட்டி அந்தத் துதிக்கையால் உறவினரைப் புடைத்தெடுக்கிறது.

இப்படிக் கதை கட்டுவது நமக்குப் புதிதல்ல. அணிலின் முதுகில் கோடு விழுந்தது ராமபிரான் தடவிக் கொடுத்ததால் என்றும், காக்கை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது காகாசுரன் பெற்ற தண்டனை என்றும் நம் பாட்டிமார் சொல்லாத வீடு உண்டா? கிப்ளிங் பிறந்ததும் அப்படிக் கதை சொல்லும் நாட்டில்தான்.

பம்பாயில் பிறந்தவர்

1865-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங் அங்கே ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியர். தாய் ஆலிஸ். பெற்றோர் முதன்முதலில் சந்தித்த இங்கிலாந்து ஏரி ஒன்றின் பெயரே பிள்ளைக்கு வைக்கப்பட்டது.

குழந்தையை வளர்த்தவர்கள் கத்தோலிக்க ஆயா ஒருத்தியும், மீட்டா என்ற இந்து வேலைக்காரரும். மத்தியானத் தூக்கத்துக்கு முன் கதை சொன்னவர்கள் இவர்கள்தான். சிறுவனுக்கு இந்துஸ்தானிதான் ஓடி வரும். அப்பா அம்மாவிடம் போகும்போது இங்கிலீஷில் பேசவேண்டும் என்று நினைவூட்டி அனுப்புவார்களாம்.

1871-ல் இந்தச் சுகம் முடிந்தது. ஐந்து வயது ருட்யார்டும் மூன்று வயதுத் தங்கை ட்ரிக்ஸும் இங்கிலாந்தில் சவுத்ஸீ என்ற ஊரில், பத்திரிகை விளம்பரத்தில் கிடைத்த ஒரு குடும்பத்தில், பணம் கட்டி விடப்பட்டார்கள். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளை அப்படி அனுப்பிவிடுவது அக்கால வழக்கம். பெற்றோர் திரும்பிப் போகிறோம் என்று கூடப் பிள்ளைகளிடம் சரியாகச் சொல்லவில்லை. பையனை அந்த வீட்டம்மாள் அடித்தும் பயமுறுத்தியும் வளர்த்தாள். ஒரு தடவை, பொய்யன் என்று எழுதிய அட்டையை முதுகில் மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கண்பார்வை கெட்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது வருஷம் தாய் வந்தார். இரவில் முத்தமிடக் குனிந்தபோது, அடி விழப்போகிறது என்று பையன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டானாம்.

பிழைப்புக்காகப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நம்மவர்கள் பாட்டி தாத்தாவிடம் விடுகிறார்கள். கிப்ளிங்கின் பெற்றோர் முன்பின் அறியாதவர்களிடம் விட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ரயில் நிலையப் புத்தகங்கள்

பள்ளிப்படிப்பு முடிந்ததும் காலேஜுக்கு அனுப்பப் பணம் இல்லை. 1882-ல், பதினேழு வயது நிரம்பும் முன், லாகூர் வந்தார். தந்தை அப்போது லாகூர் மியூசியத்தின் பொறுப்பாளர். மகனுக்கு 'சிவில் அண்டு மிலிடரி கெஜட்' பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. ஆசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். ஆசிரியர் இலாகா அவ்வளவுதான். கோடையில் புழுக்கம் தாங்காமல் ராத்திரி முழுதும் லாகூர்ச் சந்துகளில் சுற்றுவார். சாராயக் கடை, குதிரைச் சந்தை, சிப்பாய்களின் பேச்சு எல்லாம் பிற்பாடு கதையாயின. 1887-ல் அலகாபாத் 'பயனீர்' பத்திரிகைக்கு மாறினார்.

இங்கேதான் நம் ரயில்வே வருகிறது. அலகாபாத்தில் ஏ.எச். வீலர் கம்பெனிக்கு வட இந்திய ரயில் நிலையங்களில் புத்தகக் கடைகள் இருந்தன. தெற்கே ஹிக்கின்பாதம்ஸ் எப்படியோ, வடக்கே வீலர் அப்படி. 1888-ல் அந்தக் கம்பெனி கிப்ளிங்கின் கதைகளை 'இந்தியன் ரயில்வே லைப்ரரி' என்ற வரிசையில் ஆறு சிறு புத்தகங்களாகப் போட்டது. விலை ஒரு ரூபாய். வண்டி கிளம்புவதற்குள் வாங்கி, இறங்கும் முன் படித்து முடித்துவிடலாம். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவரின் கதைகள் ஆதியில் பிளாட்பாரத்தில் விற்றவை! பிரயாணிகள் கையோடு கொண்டுபோன இந்தப் புத்தகங்கள் லண்டன் வரை அவர் பெயரைப் பரப்பின.

1889-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பி, பர்மா, ஜப்பான், அமெரிக்கா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். புகழ் ஓடி வந்தது.

தமிழ்நாட்டு மண்ணில் அவர் கால் பட்டது ஒரே தடவை. 1891 கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, ரயில் ஏறி, நான்கு நாள் பயணத்தில் லாகூர் போய்ப் பெற்றோரைப் பார்த்தார். தெற்கே சுற்றிலும் பேசிய பேச்சில் ஒரு வார்த்தை கூடத் தமக்குப் புரியவில்லை என்று பின்னால் எழுதிவைத்தார். இந்தியாவையே கதையாக்கியவர் என்று பெயர் வாங்கியவருக்கு நம் தெற்கு ஜன்னலுக்கு வெளியே ஓடிய காட்சிதான். இந்தியாவுக்கு அவர் வந்ததும் அதுவே கடைசி.

மகளுக்குச் சொன்ன கதைகள்

1892 ஜனவரியில் கரோலின் பாலஸ்டியர் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் பனி கொட்டும் ஊரில் குடித்தனம். அங்கே அந்த வருஷக் கடைசியில் ஜோசஃபின் பிறந்தாள். மோக்ளி வரும் 'ஜங்கிள் புக்' 1894-லும் அதன் இரண்டாம் பாகம் 1895-லும் வந்தன. மைத்துனருடன் ஏற்பட்ட சண்டை கோர்ட்டு வரை போகவே, 1896-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பினார்.

ஜோசஃபினுக்கு ராத்திரி தூங்கக் கதை வேண்டும். அதுவும் நேற்றுச் சொன்ன மாதிரியே வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் குழந்தை எழுந்து உட்கார்ந்து திருத்துவாள். அப்படியே, அச்சு மாறாமல் சொல்லவேண்டிய கதைகள் என்பதால்தான் 'ஜஸ்ட் ஸோ' என்று பெயர் வந்தது. திமிங்கலம், ஒட்டகம், காண்டாமிருகம் ஆகிய மூன்று கதைகளும் 1897 டிசம்பர் முதல் அமெரிக்கச் சிறுவர் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. காண்டாமிருகக் கதையில் வரும் ஆள் ஒரு பார்சி. தன் கேக்கைத் தின்றுவிட்ட மிருகம் தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கும்போது, அவன் தோலுக்குள் கேக்குத் தூளைக் கொட்டிவிடுகிறான். அரிப்புத் தாங்காமல் உருண்டு புரண்டதில் தோல் மடிந்து போயிற்றாம். பம்பாய்க் கடற்கரையில் சிறுவயதில் பார்த்த பார்சிகளை அவர் மறக்கவில்லை.

1899 பிப்ரவரியில் குடும்பம் கப்பலில் நியூயார்க் போயிற்று. நடுக்குளிரில் அந்தப் பயணம் வேண்டியிருக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். கிப்ளிங்குக்கும் ஜோசஃபினுக்கும் நிமோனியா கண்டது. ஓட்டலில் கிப்ளிங் நினைவு தப்பிக் கிடந்தார். உலகப் பத்திரிகைகளெல்லாம் அவர் உடல்நிலையைத் தினசரி வெளியிட்டன. மகளை ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மார்ச் 6-ந் தேதி அவள் இறந்தாள். வயது ஆறு. தகப்பனார் பிழைத்துத் தேறும் வரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் அமெரிக்கா பக்கமே போகவில்லை.

மூன்று வருஷம் கழித்துத்தான் கதைகள் புத்தகமாயின. படங்களையும் அவரே வரைந்தார். 12 கதைகளில் இரண்டில், ஆதிகால மனிதன் ஒருவனும் டாஃபி என்ற அவன் சிறு மகளும் சேர்ந்து முதல் கடிதம் எழுதுகிறார்கள், எழுத்துக்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்பாவும் பெண்ணும் மரப்பட்டையை வைத்துக்கொண்டு விளையாடும் அந்தப் பக்கங்களில் டாஃபி யார் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு எழுதி முடித்த கதைகள் இவை. ஆனாலும் புத்தகத்தில் எங்கும் அழுகை இல்லை, சிரிப்புதான்.

இன்னொரு முகம்

கிப்ளிங்கை நம் நாட்டில் பலர் வெறுத்ததற்குக் காரணம் உண்டு. மகள் படுத்த அதே 1899 பிப்ரவரியில்தான், கறுத்த இனங்களை ஆளுவது வெள்ளையரின் பாரம் என்று பாடும் அவருடைய பாட்டு வெளியாயிற்று. இந்தியருக்கு ஆளத் தெரியாது என்பது அவர் கடைசி வரை விடாத எண்ணம். ஆயா மடியில் கதை கேட்டு வளர்ந்தவர், ஆயாவின் ஜனங்களைச் சமமாக எண்ணவில்லை. 1907-ல் இலக்கிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வயது 41. அந்தப் பரிசை அதைவிட இளம் வயதில் பெற்றவர் இன்றுவரை இல்லை. 1913-ல் தாகூர் பெற்றார். இருவரும் இந்திய மண்ணில் பிறந்தவர்கள். 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது தாகூர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார். கிப்ளிங்கோ, சுடச்சொன்ன ஜெனரல் டயருக்காக 1920-ல் லண்டன் பத்திரிகை ஒன்று திரட்டிய நிதிக்குப் பத்துப் பவுன் கொடுத்தார். யானைக்குட்டிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யுத்தம் அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரே மகன் ஜானுக்கும் தகப்பனைப் போலவே பார்வை மட்டம். ராணுவம் அவனைத் தள்ளிவிட்டது. கிப்ளிங் தமக்குத் தெரிந்த படைத்தலைவர் லார்டு ராபர்ட்ஸிடம் சிபாரிசு பிடித்து ஐரிஷ் கார்ட்ஸ் படையில் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில் பிரான்ஸில் லூஸ் என்ற இடத்து யுத்தத்தில் ஜான் காணாமற்போனான். பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரந்தான் ஆகியிருந்தது. தகப்பனாரும் தாயாரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பிழைத்து வந்த சிப்பாய்களிடமெல்லாம் விசாரித்துத் திரிந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. பிறகு யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் கமிஷனில் அங்கத்தினராகி, பெயர் தெரியாத வீரர்களின் கல்லறைகளில் பொறிக்கவேண்டிய வாசகங்களை எழுதிக் கொடுப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டார். மகன் இருந்த படையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி 1923-ல் வெளியிட்டார். அதில் ஜானைப் பற்றித் தனியே அதிகம் கிடையாது.

தம் புத்தகங்களின் மேல் யானைத்தலையும் ஸ்வஸ்திகமும் போடுவது அவர் வழக்கம். இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்ட மங்களச் சின்னம். ஜெர்மனியில் நாஜிகள் தலையெடுத்ததும் ஸ்வஸ்திகத்தை எடுத்துவிடச் சொன்னார்.

வெகு நாளாக வயிற்றுப்புண் உபாதை. 1936 ஜனவரி 18-ந் தேதி, அவருடைய கல்யாண நாளன்று, லண்டன் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 70. அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் புலவர்களுக்கான மூலையில் வைக்கப்பட்டது. தூத்துக்குடி ரயிலைப் பற்றி எழுதிய சுயசரிதை மறு வருஷம் வெளியாயிற்று. சவுத்ஸீ வீட்டைப் பற்றி விரிவாகச் சொன்ன அதில், மகளும் மகனும் இறந்ததைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

1992-ல் பிரான்ஸில் பெயரில்லாத ஒரு கல்லறையை ஜானுடையது என்று கமிஷன் அடையாளம் கண்டு அவன் பெயரைப் பொறித்தது. அது சரிதானா என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னரும் வாதிட்டார்கள். எஞ்சியிருந்த ஒரே மகள் எல்ஸி 1976-ல் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.