பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றது ஏன்? விடை தேடிய ஷாக் மோனோ

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தகவல்தான் இருக்கிறது. ஆனால், இன்சுலின் என்ற புரதத்தைக் கணையத்தின் சில உயிரணுக்கள் சுரக்கின்றன. கண்ணின் உயிரணுக்கள் சுரப்பதில்லை. எந்த மரபணுவை எப்போது பயன்படுத்துவது என்பதை உயிரணு எப்படி முடிவு செய்கிறது? இதற்கு முதன்முதலில் தெளிவான விடை தந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிவியலாளர் ஷாக் மோனோ.

மோனோ 1910இல் பாரிசில் பிறந்தார். தந்தை ஓவியர். இளமையில் இசையா அறிவியலா என்று மோனோ தடுமாறியதும் உண்டு. 1936இல் கிரீன்லாந்துக்குச் செல்லும் ஆய்வுக் கப்பலில் ஏறாமல், மரபியல் பயில அமெரிக்கா சென்றார். அந்தக் கப்பல் ஐஸ்லாந்து அருகே மூழ்கியது, பிழைத்தவர் ஒருவரே.

பாரிஸ் திரும்பியவர், பாக்டீரியாக்களுக்கு இருவகைச் சர்க்கரைகளைக் கலந்து கொடுத்து ஆராய்ந்தார். அவை முதலில் குளுக்கோசை உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நேரம் நின்றது. பின்னர் லாக்டோசை உண்டு மீண்டும் பெருகின. அந்த இடைவெளியில் லாக்டோசைச் சிதைக்கும் நொதியை அவை தயாரித்துக்கொண்டன. நொதியும் ஒரு புரதமே. அதற்கான மரபணு முன்பே இருந்தும், தேவை வரும்வரை அது ஏன் வேலை செய்யவில்லை?

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிப் படைகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் மோனோ முன்னணியில் இருந்தார். போர் முடிந்ததும் பாஸ்டர் கழகத்தில் அதே கேள்விக்குத் திரும்பினார்.

லாக்டோஸ்தான் நொதி உற்பத்தியை நேரடியாகத் தூண்டுகிறது என்று அவர் நெடுங்காலம் நம்பினார். பிரான்சுவா ஜாக்கோப், ஆர்தர் பார்டி ஆகியோருடன் நடத்திய சோதனை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. மரபணுவை ஒரு பொருள் பூட்டி வைத்திருக்கிறது; லாக்டோஸ் வந்ததும் அந்தப் பூட்டு விலகுகிறது என்பது தெரியவந்தது. பல ஆண்டுகளாகத் தாம் கட்டிக்காத்த கருத்தை மோனோ கைவிட்டார். சோதனை சொன்னதையே ஏற்றார்.

1961இல் மோனோவும் ஜாக்கோப்பும் முழு விளக்கத்தை வெளியிட்டனர். பூட்டு விலகியதும் டிஎன்ஏவில் உள்ள தகவல் தூது ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதத்தை உருவாக்குகிறது. நகல் விரைவில் அழிந்துவிடுவதால், தேவை முடிந்ததும் உற்பத்தியும் நிற்கிறது.

1965இல் இருவரும் ஆந்த்ரே லுவோஃபுடன் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் பாஸ்டர் கழகத்தின் தலைவரான மோனோ, 1976இல் தமது 66ஆம் வயதில் மறைந்தார்.

உயிரியல் பாடநூலில் தூது ஆர்என்ஏ பற்றிப் படிக்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். வளர்ச்சி சற்று நேரம் நின்றதைச் சிறிய விஷயமென்று மோனோ ஒதுக்கவில்லை. அதன் காரணத்தை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தேடினார். தம் விடை தவறென்று தெரிந்தபோது, விடையைத்தான் மாற்றினார், கேள்வியைக் கைவிடவில்லை.